மாப்பிள்ளை காலில் நுரை

கல்யாண மண்டபத்துத் தூணுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தேன். கையில் ஒரு தட்டு. தட்டில் இரண்டு மெதுவடை, ஒரு கரண்டி கேசரி. முகூர்த்தத்துக்கு முன்னாலேயே டிபன் பக்கம் போய் வந்துவிட்டேன் என்று யாரும் கண்டுபிடிக்கக் கூடாது. அதற்குத்தான் தூண்.

மேடையில், பெண்ணைப் பெற்ற மல்ஹோத்ரா சார் சம்மணம் போட வராமல் ஒரு காலை மடக்கி, ஒரு காலை எங்கே வைப்பது என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தார். எதிரே மாப்பிள்ளை ஸ்ரீராம், இரண்டு காலையும் பித்தளைத் தாம்பாளத்தில் வைத்துக்கொண்டு நாற்காலியில். பக்கத்தில் மல்ஹோத்ரா மேடம், அரக்கு கலர் பட்டுப் புடவையில், வெள்ளிச் சொம்போடு நின்றிருந்தார்.

பெண்ணின் அம்மா தண்ணீர் ஊற்ற வேண்டும். பெண்ணின் அப்பா மாப்பிள்ளையின் காலைக் கழுவ வேண்டும். அது நம் பக்கத்து வழக்கம். பஞ்சாபி வீட்டில் பெண் எடுத்தாலும் அதை விட மாட்டேன் என்று மாப்பிள்ளையின் அம்மா விசாலம் மாமி ஒற்றைக் காலில் நின்று வாங்கிய வழக்கம்.

மேடம் சொம்பைச் சாய்த்தார். பழக்கம் இல்லாத கை. பாதித் தண்ணீர் தாம்பாளத்தில் விழுந்தது. மீதிப் பாதி மணிக்கட்டு வழியாக ஓடி ரவிக்கையின் கைக்குள் போய்விட்டது.

அரக்குப் பட்டில், ஜரிகைக் கரையின் ஓரமாக, ஒரு வெள்ளைப் பொட்டு தெரிந்தது. பொட்டு பெரிதானது. பெரிதாகிக் குமிழி ஆனது. மேடையில் கட்டியிருந்த சீரியல் லைட் முழுக்க அந்தக் குமிழிக்குள் கலர் கலராக எரிந்தது.

எனக்கு வடை தொண்டையில் நின்றுவிட்டது. ஏனென்றால் அந்த ரவிக்கையைத் தைத்தவன் நான்.

அறுபது இஞ்ச் படிப்பு

இந்தத் தொடரைப் போன வாரம் வரை படித்தவர்களுக்கு என்னைத் தெரியும். அவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிப் போகலாம். புதிதாக வந்தவர்களுக்கு: பெயர் ஏழுமலை. ஊர் கள்ளக்குறிச்சிப் பக்கம். தொழில் தையல். இடம் டெல்லி ஜனக்புரியில் நாலு மாடிக் குடியிருப்பு ஒன்றில் படிக்கட்டுக்குக் கீழே இருக்கும் சந்து. அங்கே ஒரு மிஷின், ஒரு மேஜை, ஒரு இஸ்திரிப் பெட்டி, நான். என் மனைவி கலா ஹூக்கு வைக்க உட்கார்ந்தால் நான் எழுந்து வெளியே நிற்க வேண்டும்.

நிமிர்ந்தால் தலை இடிக்கும். அதனால் எனக்கு இயற்கையிலேயே பணிவு வந்துவிட்டது. யார் வந்தாலும் குனிந்தபடிதான் பேசுவேன். மரியாதை தெரிந்தவன் என்று பெயர்.

படிப்பு? டேப்பில் இருக்கும் நம்பர் தெரியும். டேப் அறுபது இஞ்சோடு முடிந்துவிடுகிறது. என் படிப்பும் அங்கேயே முடிந்துவிட்டது.

அப்படியானால் பத்திரிகையில் எப்படி எழுதுகிறாய் என்று போன வாரம் ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். நான் போனில் பேசி அனுப்புகிறேன். ஆபீஸில் ஒரு தம்பி அதைக் கேட்டுச் சீராக எழுதிவிடுகிறார். படிக்க நன்றாக இருந்தால் அது நான். தப்பு இருந்தால் அந்தத் தம்பி.

சில்லு

தையல்காரன் துணியில் கோடு போடச் சாக்குக் கட்டி வாங்குவான். நானும் வாங்கினேன். பட்டுத் துணியில் சாக்கு நிற்காது, பொடியாக உதிரும். மெழுகு கலந்த சாக்கு நிற்கும். நின்றது போகாது.

அதற்குத்தான் சோப்புச் சில்லு.

குளித்துத் தேய்த்துக் கடைசியில் மெலிந்து போய், கையில் நிற்காமல் வழுக்கிப் பாத்ரூம் மூலையில் ஒளிந்துகொள்ளுமே, அந்தச் சோப்பு. அதை எடுத்து வெயிலில் காயவைத்தால் ஓரம் பிளேடு மாதிரி ஆகிவிடும். அதை வைத்துக் கோடு போட்டால் நூல் பிடித்த மாதிரி விழும். தைத்து முடித்து இஸ்திரி வைத்தால் கோடு காணாமல் போகும். போதாததற்கு, தடித்த துணியில் ஊசி போக மறுத்தால், தையல் வரும் இடத்தில் சில்லை ஒரு இழுப்பு இழுத்தால் போதும். ஊசி முனகாமல் போகும்.

இது எல்லாத் தையல்காரருக்கும் தெரிந்ததுதான். என்னுடைய சாமர்த்தியம் என்னவென்றால், அந்தச் சோப்பைக்கூட நான் என் வீட்டில் தேய்ப்பதில்லை.

“மேடம், அளவு ரவிக்கையோட வீட்ல தேஞ்ச சோப்பு இருந்தா அதையும் கொண்டாந்துடுங்க” என்று எல்லோரிடமும் சொல்லிவைத்தேன். முதலில் சிரித்தார்கள். அப்புறம் பழகிவிட்டது. சாயங்காலம் ஆபீஸ் விட்டு வருகிறவர்கள் கைப்பையிலிருந்து சில்லை எடுத்து, கோயில் உண்டியலில் போடுவது மாதிரி என் தகர டப்பாவில் போட்டுவிட்டுப் படி ஏறுவார்கள்.

டப்பாவைத் திறந்தால் அந்த நாலு மாடியும் உள்ளே இருக்கும். பச்சைச் சில்லு இரண்டாவது மாடி. குழந்தை சோப்பு மூன்றாவது மாடி. குழந்தை கல்லூரிக்குப் போன பிறகும் அந்த வீட்டில் அதே சோப்புதான். சந்தன வாசனையில் சில்லென்றே சொல்ல முடியாத அளவுக்குத் தடியாக வந்தால் அது முதல் மாடி மல்ஹோத்ரா வீடு. அவர்கள் சோப்பைத் தேய்ப்பதில்லை, அறிமுகம் செய்துகொள்வதோடு சரி.

நாலாவது மாடி விசாலம் மாமி வீட்டிலிருந்து மட்டும் சில்லு வராது. மாமி பேங்கில் ஆபீசராக இருந்து ரிடையர் ஆனவர். ஒரு நாள் கேட்டே விட்டேன்.

“மாமி, உங்க வீட்ல யாரும் குளிக்கறதில்லையா?”

“ஏண்டா ஏழுமலை, சோப்பு தேஞ்சா தூக்கிப் போடறதுக்கு நான் என்ன மகாராணியா? பழசைப் புதுசு முதுகுல ஒட்டிடுவேன். எங்காத்துல சோப்பு தீர்ந்ததா சரித்திரமே கிடையாது. நான் டெல்லி வந்த புதுசுல வாங்கின சோப்பு இன்னும் ஏதோ ஒரு மூலையில ஒட்டிண்டுதான் இருக்கும்.”

ஒட்டுப் போடும் கலை

மாமி சொன்னதைக் கேட்டு நானும் வீட்டில் ஒட்டிப் பார்த்தேன். எங்கள் வீடு உத்தம் நகரில். ஒரு ரூம், ஒரு குழாய். அந்தக் குழாய்க்கு அடியில் உட்கார்ந்து ஒரு ரோஸ் சில்லைப் பச்சைச் சோப்பின் மேல் வைத்து அழுத்தினேன்.

காலையில் பார்த்தால் ரோஸ் தனியாக, பச்சை தனியாக, இரண்டும் எதிரெதிர் மூலையில் கிடக்கின்றன.

கலா சிரித்தாள். “காஞ்சதுமேல காஞ்சத வெச்சா ஒட்டுமா? ரெண்டையும் நல்லா ஊற வெச்சி, ரெண்டும் இளகி வந்தப்பறம் வெக்கணும். பலவந்தமா அமுக்குனா ஒட்டிக்கறதுக்கு அது என்ன ஸ்டாம்ப்பா?”

ஊறவைத்தேன். ஒட்டியது. ஆனால் ஒரு மாதம் எங்கள் வீட்டுச் சோப்பு ஊர்வலத்துக்குப் போகிற கட்சிக் கொடி மாதிரி இருந்தது.

கோடு போடக்கூட உதவாத பொடிச் சில்லுகளைக் கலா விடமாட்டாள். என்னுடைய பழைய சாக்ஸ் ஒன்றில் போட்டு, குழாயில் தொங்கவிட்டிருப்பாள். பாத்திரம் விளக்க அது, தரை துடைக்க அது. ஒரு குளிர்காலத்தில் விடியாத பனியில், தூக்கக் கலக்கத்தில், அது காய்கிற சாக்ஸ் என்று நினைத்து நான் காலில் மாட்டிக்கொண்டு ஜனக்புரி வரை போயிருக்கிறேன். நடக்க நடக்கக் கல் மாதிரி உறுத்தியது. ஷூவைக் கழற்றிப் பார்க்கச் சோம்பல். சாயங்காலம் கழற்றினபோது என் வலது கால் மட்டும் சினிமாக்காரன் கால் மாதிரி இருந்தது.

சரி, கல்யாணத்துக்கு வருகிறேன்.

பேசாத போட்டியாளன்

மல்ஹோத்ரா சார் எங்கள் குடியிருப்புச் சங்கத்தின் செயலாளர். படிக்கட்டு யாருக்கு, மொட்டை மாடி யாருக்கு, மாடு வந்தால் யார் விரட்டுவது எல்லாம் அவர் கையில். நல்ல மனிதர். ஆனால் அந்த வருஷம் ஒரு மின்சார ஸ்கூட்டர் வாங்கிவிட்டார்.

ஸ்கூட்டர் மழையில் நனையக் கூடாது. பக்கத்தில் பிளக் பாயின்ட் இருக்க வேண்டும். நாலு மாடிக்கும் தேடிப் பார்த்தால், மழை படாத, பிளக் பாயின்ட் இருக்கிற ஒரே இடம் என் சந்து.

ஒரு நாள் வந்து டேப்பால் அளந்தார். என் டேப்பையே வாங்கி அளந்தார். அவர் பேசுவது இந்தியில். என் வாயில் அது தமிழாகத்தான் வரும், மன்னிக்கவும்.

“மாஸ்டர்ஜி, ஸ்கூட்டர் கரெக்டா நிக்கும், பாரு.”

“நிக்கும் சார். நான் எங்க நிக்கறது?”

“அரே, உனக்கென்ன, நீ கலைஞன். எங்கே வேணும்னாலும் உட்காருவே. எங்க பொண்ணு ரித்து கல்யாணம் முடியட்டும். அப்புறம் சங்கத்து மீட்டிங். அதுவரைக்கும் இரு.”

அவ்வளவுதான். வேறு இடத்துக்குப் போனால் என்ன என்று கேட்பீர்கள். டெல்லியில் தமிழ்ப் பெண்களுக்கு ரவிக்கை தைப்பவன் இந்த மாடிப்படிக்குக் கீழேதான் இருக்கிறான் என்று பெயர் வாங்க எனக்கு அரை ஆயுசு ஆனது. மிஷினைத் தூக்கிக்கொண்டு போகலாம். அந்தப் பெயரைத் தூக்கிக்கொண்டு போக முடியுமா?

அந்த நேரத்தில்தான் மேடம் இறங்கி வந்தார். கையில் காஞ்சிபுரம் பட்டு, சம்பந்தி விசாலம் மாமி எடுத்துக் கொடுத்தது.

“மாஸ்டர்ஜி, தாலி கட்டுற நேரத்துக்கு நான் இதைத்தான் கட்டணுமாம். ரவிக்கை நீதான் தைக்கணும். உங்க ஆளுங்க யாரும் குறை சொல்லக் கூடாது. நல்லா வந்துச்சுன்னா, மீட்டிங்ல என் ஓட்டு உனக்கு. என் ஓட்டு உனக்குன்னா சாரோட ஓட்டும் உனக்கு.”

சார் மேலே பால்கனியில் நின்று செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். அவர் காதில் விழுந்தது. அவர் மறுக்கவில்லை. அந்த வீட்டில் சங்கம் யார், செயலாளர் யார் என்று எனக்கு அன்றைக்குத் தெரிந்தது.

கை வளர்ந்த கதை

மேடம் முதலில் கையே வேண்டாம் என்றார். கோடு போட்டேன்.

விசாலம் மாமி வந்து பார்த்தார். “ஏண்டா, அக்னிக்கு முன்னாடி உட்காரப் போறா. கை இல்லாம எப்படி? நான் சொன்னேன்னு சொல்லாதே. நீயா சொல்ற மாதிரி சொல்லு.”

நானாகச் சொல்வது மாதிரி சொன்னேன். குட்டைக் கை ஆனது. பழைய கோட்டை அழிக்காமல் புதுக் கோடு போட்டேன்.

மேடத்தின் தங்கை சண்டிகரிலிருந்து போன் செய்து, இப்போது முழங்கைக்குக் கீழே இறங்கினால்தான் எடுப்பு என்றார். மறுபடி கோடு. அப்புறம் இன்னும் நாலு விரல் கீழே. மறுபடி கோடு. ஜரிகைக் கரை கையின் நுனியில் சரியாக வந்து உட்கார வேண்டும், அதனால் ஒவ்வொரு தடவையும் எல்லாக் கோடும் மாறும். கடைசியில் அந்தத் துணி டெல்லி மெட்ரோ மேப் மாதிரி ஆகிவிட்டது. இன்னும் கத்தரி வைக்கவில்லை என்பது ஒன்றுதான் நிம்மதி.

அது மழைக்காலம் வேறு. சுவர் வியர்க்கும், மிஷின் வியர்க்கும், நான் வியர்ப்பேன். டப்பாவில் இருந்த சில்லெல்லாம் வியர்த்து அல்வா பதத்துக்கு வந்துவிட்டது. கோடு போட்டால் கோடு விழவில்லை, பூசியது.

தைக்க உட்கார்ந்தால் ஜரிகையும் லைனிங்கும் சேர்ந்து தகரம் மாதிரி நின்றன. ஒரு ஊசி முறிந்தது. அடுத்ததும் முறிந்தது. டப்பாவில் இருந்ததிலேயே தடியானதாக, அந்தச் சந்தனச் சில்லை எடுத்துக் கரை முழுக்க இழுத்தேன். இன்னொரு இழுப்பு. எதற்கும் இருக்கட்டும் என்று உள்பக்கமும்.

ஹூக்கு வைக்கக் காத்துக்கொண்டிருந்த கலா எட்டிப் பார்த்தாள்.

“என்னய்யா, சட்டைக் காலருக்குத் தேய்க்கற மாதிரி தேய்க்கற? தைக்கறியா, தொவைக்கறியா?”

“இஸ்திரி வெச்சா போயிடும்டி. ஒனக்குத் தொழில் தெரியாது.”

இஸ்திரி வைத்தேன். போய்விட்டது. ஒரு கோடுகூடக் கண்ணுக்குத் தெரியவில்லை. கண்ணுக்குத் தெரியாததெல்லாம் இல்லை என்று நினைக்கிற அளவுக்குத்தான் எனக்குப் படிப்பு.

மேடம் போட்டுப் பார்த்தார். கண்ணாடி முன்னால் இந்தப் பக்கம் திரும்பினார், அந்தப் பக்கம் திரும்பினார். “வாஹ் மாஸ்டர்ஜி!” என்றார். கையை மூக்குக்குக் கொண்டுபோய், “சந்தன வாசனை வேற வருதே! ஸ்பெஷலா?” என்றார்.

“கல்யாண ரவிக்கை இல்லையா மேடம். எங்க பக்கம் அப்படித்தான்” என்றேன். நாக்குக்கு எலும்பா இருக்கிறது?

மேடை

தூணுக்குத் திரும்புவோம். குமிழி.

ஒரு குமிழியோடு நின்றிருந்தால் பால் நுரை என்று நினைத்துவிடுவார்கள். காலைக் கழுவுவதற்குப் பாலும் ஊற்றியிருந்தார்கள். நான் வேண்டாத தெய்வம் இல்லை. ஆனால் தெய்வத்துக்கும் எனக்கும் நடுவில் போட்டோகிராபர் வந்துவிட்டார்.

“மேடம்ஜி, இந்தப் பக்கம்! ஸ்மைல்!”

மேடம் கேமராவைப் பார்த்துச் சிரித்தார். சிரித்துக்கொண்டே, நனைந்த கை உடம்பில் ஒட்டுகிறதே என்று, இடது கையால் அந்த ரவிக்கைக் கையைப் பிடித்து ஒரு பிழி பிழிந்தார்.

ஐயோ, சாமி.

எலுமிச்சம்பழம் அளவுக்கு நுரை பொங்கி வந்தது. கரை வழியாக நழுவி, சொத்தென்று தாம்பாளத்தில், மாப்பிள்ளையின் வலது கால் கட்டைவிரல் மேல் விழுந்தது. மேடம் அதைப் பார்க்கவில்லை. போட்டோகிராபர் அவரை விடவில்லை. “ஒன் மோர்!” இன்னொரு பிழி. இன்னொரு எலுமிச்சம்பழம்.

மல்ஹோத்ரா சார் பார்த்துவிட்டார். நுரையைப் பார்த்தார். மனைவியின் கையைப் பார்த்தார். மறுபடி நுரையைப் பார்த்தார். சங்கத்து மீட்டிங் இந்த நிமிஷமே முடிந்துவிட்டது, மிஷினை எதில் ஏற்றிக்கொண்டு போவது என்று நான் யோசிக்க ஆரம்பித்தேன்.

அப்போது சார் ஒரு காரியம் செய்தார்.

இரண்டு கையாலும் அந்த நுரையை அள்ளினார். மாப்பிள்ளையின் கால் முழுக்கப் பூசினார். தேய்க்க ஆரம்பித்தார். குதிகால், கணுக்கால், விரலுக்கு நடுவில், ஒன்றையும் விடவில்லை. பக்தியோடு தேய்த்தார்.

சாஸ்திரிகள் மந்திரத்தை நிறுத்திவிட்டார். “சார், ஜலம் போறும். சோப்பெல்லாம் வேண்டாம்.”

சாருக்குத் தமிழ் தெரியாது. “அச்சா, அச்சா, பண்டிட்ஜி” என்று இன்னும் வேகமாகத் தேய்த்தார்.

ஸ்ரீராமுக்குக் கூச்சம் தாங்கவில்லை. வாயை இறுக்கி மூடிப் பார்த்தான். முடியவில்லை. கட்டப்போகிற தாலியைக்கூட மறந்து நாற்காலியில் நெளிந்து, கெக்கெக்கே என்று சிரித்தான். ரித்துவும் சிரித்தாள். மேளக்காரர் ஒன்றும் புரியாமல் கெட்டி மேளம் கொட்டிவிட்டார்.

என் முன்னால் உட்கார்ந்திருந்த மயிலாப்பூர் மாமி ஒருவர் பக்கத்து மாமியிடம் மெதுவாகச் சொன்னார்: “பஞ்சாபிலே இப்படித்தான் போலிருக்கு. சோப்புப் போட்டுத்தான் அலம்புவாளாம்.”

“நமக்கென்ன, அவா வழக்கத்தை நாம கேலி பண்ணப்படாது.”

அந்தப் பக்கத்து வரிசையில் ஒரு பஞ்சாபி அம்மாள் தன் மருமகளிடம் சொல்லிக்கொண்டிருந்தார்: “மதராசிக்காரங்க எவ்வளவு சுத்தம் பாரு. மாப்பிள்ளைக்கே சோப்புப் போடறாங்க. நாமளும் இருக்கோமே!”

முழு மண்டபமும், அது அடுத்த வீட்டு வழக்கம் என்று நினைத்து, மரியாதையாக வாயை மூடிக்கொண்டது.

நினைக்காதவர் ஒரே ஒருவர். விசாலம் மாமி மேடையிலிருந்து கண்ணை மட்டும் திருப்பி மண்டபம் முழுக்கத் தேடினார். தூணைக் கண்டுபிடித்தார். தூணுக்குப் பின்னால் இருந்த என்னையும் கண்டுபிடித்தார். நான் தட்டைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டேன். கேசரி சட்டையில் விழுந்தது.

சாப்பாட்டுப் பந்தியில் மாமி என் இலைக்குப் பக்கத்தில் வந்து நின்றார்.

“ஏழுமலை.”

“மாமி...”

“என் பிள்ளை கால் இத்தனை சுத்தமா இருந்து நான் பார்த்ததே இல்லேடா” என்றார். பாயசம் பரிமாறுகிறவரைக் கூப்பிட்டு எனக்கு இன்னொரு கரண்டி ஊற்றச் சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

மறுநாள் காலை

எப்படியும் விரட்டத்தான் போகிறார்கள் என்று, நூல்கண்டுகளை எல்லாம் ஒரு பையில் போட்டு வைத்திருந்தேன். கலா பேசாமல் பாபின்களைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். அவள் பேசாமல் இருந்தால் நிலைமை மோசம் என்று அர்த்தம்.

மல்ஹோத்ரா சார் படி இறங்கி வந்தார். நேராக வந்து, குனிந்து, சந்துக்குள் நுழைந்து, தையல் ஸ்டூலில் உட்கார்ந்தார். முதல் தடவையாக அவர் தலையும் இடித்தது.

“நேத்து நீ எங்கே நின்னே?”

“தூணுக்குப் பின்னால சார்.”

“தெரியும். வடை வெச்சிருந்தே. எல்லாருக்கும் நீ தெரியல. நான் கீழே உட்கார்ந்திருந்தேன், எனக்குத் தெரிஞ்சுது.”

நான் ஆரம்பித்தேன். “சார், அது வந்து... எங்க பக்கம் கல்யாணத்துல...”

“சுப்! என் வீட்டு பாத்ரூம் வாசனை எனக்குத் தெரியாதா?”

கலா சில்லு டப்பாவைக் காலால் மேஜைக்கு அடியில் தள்ளினாள்.

சார் ஒரு தடவை படிக்கட்டை எட்டிப் பார்த்துவிட்டுக் குரலை இறக்கினார். “அவளுக்குத் தெரியாது. காலையில எழுந்து நேத்து போட்டோவெல்லாம் பார்த்துக்கிட்டு சந்தோஷமா டீ குடிக்கறா. எத்தனை மாசமா வீட்ல அந்தப் புடவை பேச்சுதான், அந்த ரவிக்கை பேச்சுதான். அவ்வளவு பேர் முன்னால அது நுரை விட்டுச்சுன்னு தெரிஞ்சா என்ன ஆகும்? நீ தப்பிச்சு உத்தம் நகருக்குப் போயிடுவே. நான் எங்கே போறது?”

“அதனாலதான் தேய்ச்சீங்களா சார்?”

“வேற எதுக்கு? உன்னைக் காப்பாத்தவா? என்னைக் காப்பாத்திக்கிட்டேன்.” முழங்காலைத் தடவிக்கொண்டார். “முட்டி இன்னும் வலிக்குது.”

அவர் மேல் எனக்குப் பெரிய மரியாதை வந்தது. கல்யாணம் ஆன ஒருவனுக்கு இன்னொருவனைப் பார்த்து வருகிற மரியாதை.

“இப்ப கேளு” என்றார். “இந்த விஷயம் தெரிஞ்சது ரெண்டு பேருக்கு. எனக்கு, உனக்கு. உன்னை விரட்டினா நீ வேற காலனியில போய் உட்காருவே. பொழுது போகாது. ஏதாவது ஒரு மேடத்துக்கு அளவு எடுக்கும்போது சொல்லிடுவே. உன் வாய் எனக்குத் தெரியும்.”

“சத்தியமா சொல்ல மாட்டேன் சார்.”

“சொல்லுவே. அதனால நீ எங்கேயும் போக வேண்டாம். இங்கேயே இரு. என் கண்ணு முன்னால இரு.”

“சார், அப்ப ஸ்கூட்டர்?”

“ஸ்கூட்டர் பேசாது. வெளியே நிக்கட்டும்.”

எழுந்தார். மறுபடி தலை இடித்தது. தேய்த்துக்கொண்டே படி ஏறிப் போனார். விஷயம் தெரிந்தவர்கள் கலாவையும் விசாலம் மாமியையும் சேர்த்தால் நாலு பேர் என்று நான் திருத்தவில்லை. கணக்கில் நான் வீக்.

கலா பையைத் தலைகீழாகக் கவிழ்த்து நூல்கண்டுகளை மேஜையில் கொட்டினாள். அப்புறம்தான் பேசினாள். “தொழில் தெரியுமாம்ல, தொழில்” என்றாள். அவ்வளவு இனிப்பாக அவள் என்னைத் திட்டியதே இல்லை.

சாரின் பயம் நியாயம்தான் என்பதற்கு இந்தப் பத்திரிகையே சாட்சி. ஆனால் நான் தமிழில்தான் சொல்லியிருக்கிறேன். மல்ஹோத்ரா வீட்டில் தமிழ் படிக்கத் தெரிந்தவர் யாரும் இல்லை. மாப்பிள்ளை ஸ்ரீராமும் டெல்லியில் பிறந்த பிள்ளை, பஸ் போர்டு தமிழில் இருந்தால் பஸ்ஸை விட்டுவிடுவான். வாசகர்களை ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன். ஜனக்புரிப் பக்கம் வந்தால் தயவுசெய்து இந்தி பேசாதீர்கள்.

சம்பிரதாயம்

இத்தோடு முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை.

இரண்டு வருஷமோ மூன்று வருஷமோ கழித்து, மல்ஹோத்ரா சாரின் தம்பி மகளுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை டெல்லியிலேயே மயூர் விஹார் பக்கத்துத் தமிழ்ப் பையன். ரவிக்கை எல்லாம் என் கையால்தான். சாக்கு வைத்துத்தான் கோடு போட்டேன்; மல்ஹோத்ரா சாரே ஒரு பெட்டி வாங்கிக் கொண்டுவந்து மேஜையில் வைத்துவிட்டார், ஒரு வார்த்தை பேசாமல்.

முகூர்த்த நேரம். அதே சாஸ்திரிகள். மேடையில் தாம்பாளம், பால், சொம்பு. பக்கத்தில் ஒரு வெற்றிலை. வெற்றிலை மேல், காகிதம் பிரித்த புத்தம்புதுச் சந்தன சோப்பு, அதற்கு ஒரு குங்குமப் பொட்டு.

சாஸ்திரிகள் வாயே திறக்கவில்லை. பெண்ணின் அப்பாவுக்குச் சோப்பை எடுத்துக் கொடுத்ததே அவர்தான்.

மயூர் விஹார்க்காரர்கள் குழம்பிப் போனார்கள். மாப்பிள்ளையின் சித்தப்பா எழுந்து, “இது என்ன சோப்பு? யாரோட வழக்கம்?” என்று இந்தியில் கேட்டார். பெண் வீட்டார் எல்லோரும் பெரியவர் என்று மல்ஹோத்ரா சாரைப் பார்த்தார்கள்.

சார் தொண்டையைச் செருமினார். “வீட்டுக்கு வர்ற மாப்பிள்ளை பழைய தூசி எல்லாத்தையும் வாசல்லயே விட்டுட்டு வரணும். அதுதான் அர்த்தம்” என்றார். அதோடு நிறுத்தியிருக்கலாம். கூட்டத்தில் என்னைத் தேடினார். “உங்க ஆளுங்க சம்பிரதாயம்தானே? நீயே சொல்லு, மாஸ்டர்ஜி.”

மண்டபம் மொத்தமும் என் பக்கம் திரும்பியது. அன்றைக்கு நான் தூணுக்குப் பின்னால்கூட நிற்கவில்லை. மல்ஹோத்ரா மேடம் முதல் வரிசையில், பெருமையோடு என்னைப் பார்த்துத் தலையாட்டினார். விசாலம் மாமி இருமுவது மாதிரி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

“இது இல்லாம எங்க பக்கம் கல்யாணமே செல்லாதுங்க” என்றேன்.

சித்தப்பா உட்கார்ந்துவிட்டார். காலைக் கழுவினார்கள். நுரை நன்றாக வந்தது. தாலி ஏறியது.

எல்லோரும் அட்சதை போட்டுவிட்டுக் கலைகிறபோது கலா என் காதுக்குப் பக்கத்தில் வந்தாள்.

“யோவ், புது சோப்பு. ஒரு தடவதான் தேய்ச்சிருக்காங்க. அது யாருக்குப் போவும்?”

“இரு, கேட்டுட்டு வரேன்” என்று மேடைக்குப் போனேன்.

தாம்பாளத்தில் சோப்பு இல்லை. வெற்றிலைதான் இருந்தது. தேங்காய், பழத்தோடு பையைக் கட்டிக்கொண்டு சாஸ்திரிகள் வேகமாகப் படி இறங்கிக்கொண்டிருந்தார். அவர் போன வழியெல்லாம் சந்தன வாசனை.